கிழித்த நோட்டு திரும்பி வராது

சென்ற மாதம் சேலத்தில் ஒரு சிறுகதைப் பட்டறைக்குப் போயிருந்தேன். 14 பேர் வந்திருந்தார்கள். எழுதியதைக் கையோடு எடுத்து வரும்படி முன்பே சொல்லியிருந்தும் ஆறு பேர் வெறுங்கையோடு வந்தார்கள். அவர்கள் எழுதாமல் இல்லை. எழுதி அழித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மருத்துவமனைச் செவிலியர். இரவுப் பணியின் இடைவேளைகளில் போனில் தட்டச்சு செய்து ஒரு குறுநாவலைப் பாதிவரை கொண்டுவந்திருக்கிறார். "60 பக்கம் இருந்தது சார். போன வியாழக்கிழமை படித்துப் பார்த்தேன். ஒன்றுமே சரியில்லை. அழித்துவிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. 2002ஆம் ஆண்டில் நானும் இதையேதான் செய்தேன்.

ஒற்றுப்பிழை, அடைமொழிக் குவியல், தேய்ந்த உவமை ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றை நல்ல ஆசிரியர் ஒருவர் அரை நாளில் திருத்திக் கொடுத்துவிடுவார். "உனக்கு எழுத வராது" என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்கிறதே, அதைக் கேட்டு நாம் செய்யும் காரியங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் குரல் அடங்கட்டும் என்று காத்திருப்பது

அது அடங்காது. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், பிழைப்புத் தேடி கலிபோர்னியாவுக்குப் போன ஏழை விவசாயிகளைப் பற்றிய தன் பெரிய நாவலை 1938இல் எழுதினார். எழுதிய அந்த மாதங்களில் தனியாக ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்தார். தான் எழுத்தாளனே இல்லை, தன்னையும் பிறரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கிறார். நாவல் 1939இல் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. இதில் நான் எடுத்துக்கொள்வது பரிசை அல்ல. சந்தேகத்தை ஒரு நோட்டிலும் நாவலை இன்னொரு நோட்டிலும் அவர் எழுதினார். இரண்டும் ஒரே நாளில், ஒரே மேசையில் நடந்தன.

எழுதியதை அழிப்பது

2002இல் எனக்கு 26 வயது. காஞ்சிபுரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் நீள நோட்டு ஒன்றில் நாவல் எழுதுவேன். நீல மை, நெருக்கமான எழுத்து, 140 பக்கம் ஆகியிருந்தது. கதை என் ஆயாவை, அதாவது பாட்டியைப் பற்றியது. தறியில் பழைய பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய இழைகள், முடியும் தறுவாயில், புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஆயா அந்த வேலையைச் செய்தவர். பட்டு வழுக்காமல் இருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார். அந்தச் சாம்பல் அவருடைய கட்டைவிரல் ரேகைக்குள் நிரந்தரமாகத் தங்கிவிட்டிருந்தது. வேலை செய்துகொண்டே அவர் பேசியதையெல்லாம், பேசியது பேசியபடியே, நான் நாவலுக்குள் எழுதி வைத்தேன். பாவு பிணைக்கும்போது அவர் முணுமுணுக்கும் ஒரு பாட்டும் அதில் இருந்தது. மொத்தம் 11 வரிகள்.

ஒரு நாள் இரவு பெரிய எழுத்தாளர் ஒருவருடைய நாவலைப் படித்து முடித்த கையோடு என் நோட்டைத் திறந்தேன். மணி பதினொன்றரை. பத்துப் பக்கம்கூடத் தாண்டவில்லை. இதை யார் கேட்டார்கள், கணக்கு எழுதுகிறவனுக்கு இது எதற்கு என்று அந்தக் குரல் தொடங்கிவிட்டது. மறுநாள் காலை தெருவில் பழைய பேப்பர்காரர் வந்தார். செய்தித்தாள் கட்டோடு நோட்டையும் தராசில் வைத்தேன்.

அடுத்த ஐப்பசியில் ஆயா இறந்தார். காரியத்துக்கு வந்திருந்த அத்தை, "அம்மா ஒரு பாட்டுப் பாடுமே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு இரண்டு வரிதான் நினைவில் இருந்தது. இன்றைக்கும் அந்த இரண்டு வரிதான் இருக்கிறது. மற்ற ஒன்பதும் எடைக்குப் போய்விட்டன.

அந்த நாவல் உண்மையாகவே மோசமாக இருந்திருக்கலாம். முதல் நாவல் மோசமாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் மோசமான நாவலுக்குள்தான் அந்தப் பாட்டு இருந்தது, ஆயாவின் பேச்சு இருந்தது. களத்தில் பதரோடு நெல்லையும் சேர்த்துக் கொளுத்துகிறவர் யாராவது உண்டா? அழிக்கிறவர் அதைத்தான் செய்கிறார். 22 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. இளையவர்கள் இதையே ஏதோ பெருந்தன்மைபோலச் சொல்லும்போது அந்த ஆத்திரம் இரட்டிப்பாகிறது.

அந்தக் குரலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப் பழகுங்கள்: எந்த இடத்தில்? "மூன்றாம் அத்தியாயத்தில் மாமியார் பேசுவது வக்கீல் பேசுவதுபோல இருக்கிறது" என்று அது பதில் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்குள் இருக்கும் நல்ல வாசகர் சொல்வது, திருத்த உதவும். இடத்தைக் காட்டாமல் "எல்லாமே குப்பை" என்று மட்டும் சொன்னால், அநேகமாக அது களைப்பு, அல்லது தூக்கமின்மை. நோட்டை மூடிவிட்டுப் படுங்கள்.

இப்போது என்னிடம் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. பிடிக்காத வரைவுகளை மேலே தேதி எழுதி அதில் போடுவேன். மூன்று மாதம் திறப்பதில்லை. போனில் எழுதுகிறவர்கள், மறுபடி படிக்க உட்காரும் முன் ஒரு பிரதியைத் தங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துவிடுங்கள். படித்து முடித்த பிறகு அனுப்பலாம் என்று நினைத்தால் அனுப்ப மாட்டீர்கள்.

முதல் பத்தியையே இழைத்துக்கொண்டிருப்பது

ஓராண்டாக ஒரே பத்தியைத் திருத்துகிறவர்களை எனக்குத் தெரியும். பிழையே இல்லாமல்தான் வெளியே விடுவேன் என்கிறார்கள். உ.வே.சாமிநாதையரை விடவா நமக்குப் பிழை பற்றிய அச்சம் அதிகம்? சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது அதன் சமணக் கருத்துகள் பல அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏடுகளை ஒப்பிட்டார். 1887இல் அச்சிட்டார். 20 ஆண்டு கழித்து, 1907இல், திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் பதிப்பு வெளிவந்ததால்தான் இரண்டாவதுக்கு இடம் கிடைத்தது. உங்கள் முதல் பத்தியை அப்படியே விட்டுவிட்டுக் கதையின் கடைசி வரிக்குப் போங்கள். கதை முடிந்த பிறகு பார்த்தால், பாதி நேரம் அந்த முதல் பத்தியே தேவைப்படாது.

பாதியில் படித்துக் காட்டுவது

வேண்டாம். பாராட்டினாலும் கதை நின்றுவிடும்.

பதில் வராததைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

சிற்றிதழ்கள் பலவற்றை ஒருவரோ இருவரோ தங்கள் பிழைப்புக்கு நடுவே நடத்துகிறார்கள். உங்கள் கதை படிக்கப்படாமலே கிடக்கலாம். அந்த இதழில் இடம் இல்லாமல் போயிருக்கலாம். மூன்று மாதம் பாருங்கள், ஒரு முறை கேட்டு எழுதுங்கள், பிறகு வேறு இதழுக்கு அனுப்புங்கள். அதற்குள் அடுத்த கதையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

முன்னோடிகளோடு ஒப்பிடுவது

அவர்களுடைய முதல் வரைவை நீங்கள் பார்த்ததில்லை.

அழித்தாகிவிட்டது என்றால்

அன்றைக்கே உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுங்கள். ஒரு வாரம் போனால் சம்பவம் நிற்கும், சொற்கள் போய்விடும். பட்டறையில் மதிய உணவுக்குப் பிறகு அந்தச் செவிலியரைத் தனியே உட்காரவைத்து எழுதச் சொன்னேன். நான்கு மணிக்கு ஒன்பது பக்கம் கொண்டுவந்து கொடுத்தார். ஏழாம் பக்கத்தில், 'இந்த இடத்தில் 12ஆம் படுக்கைப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார், என்ன என்று நினைவில்லை' என்று எழுதி, அதற்குக் கீழே அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார்.