டின்னரா, சப்பரா, டீயா?

ஏற்காட்டில் விடுதி நடத்தும் நண்பர்களே, இங்கிலாந்தின் வட பகுதியிலிருந்து வந்த விருந்தினர் “டீ எத்தனை மணிக்கு?” என்று கேட்டால், இஞ்சி தட்டிப் போட்ட தேநீரோடு நின்றுவிடாதீர்கள். அங்கே பலருக்கு மாலைச் சாப்பாட்டின் பெயரே டீ. மதியச் சாப்பாடுதான் டின்னர்! டின்னர் என்ற சொல் நேரத்தைவிட அன்றைய முதன்மையான உணவையே குறிக்கிறது. இன்று பெரும்பாலோர் அதை இரவில் உண்கிறார்கள், அவ்வளவே. சப்பர் என்பது சற்று எளிமையான இரவுச் சாப்பாடு, நம் வீட்டு இரண்டு இட்லியைப் போல.

சேலத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்று: “ஹேவ் டின்னர்” என்றாலே போதும், நடுவில் “எ” வேண்டாம். அடைமொழி சேரும்போது மட்டும் “ஹேவ் எ நைஸ் டின்னர்” என்று வரும். இதைச் சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பாருங்கள், நாக்கு பழகிவிடும்.