பெரியம்மாவின் தண்ணீர்ப் பேணி: முதியோர் இல்லத்துக்குப் போனால் எதைப் பார்ப்பது

பெரியம்மா இருக்கும் இல்லம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம். பிள்ளைகள் மூவரும் கனடாவில். காசு அவர்கள் அனுப்புகிறார்கள், போய்ப் பார்ப்பது என் வேலை. முதல் மூன்று மாதமும் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குத்தான் போவேன். குளித்து, பவுடர் பூசி, கதிரையில் இருப்பார். எனக்கும் திருப்தி.

ஒரு வியாழக்கிழமை காலை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். பத்தரை மணிக்கும் முதல்நாள் சட்டையோடு படுத்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர்ப் பேணி நிரம்பித்தான் இருந்தது, ஒரு எறும்பும் மிதந்தது. பேணியைக் கட்டிலின் வலப்பக்க மேசையில் வைத்திருந்தார்கள். பாரிசவாதம் வந்த பிறகு பெரியம்மாவின் வலக்கை எழும்பாது. தண்ணீர் கொடுக்கிறார்களா என்று கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அது பொய்யுமில்லை.

அன்றிலிருந்து ஒரே நேரத்தில் போவதில்லை. ஒருநாள் காலைச் சாப்பாட்டு நேரம், இன்னொரு நாள் இரவு ஆட்கள் மாறுகிற நேரம். சொல்லாமல் போங்கள். உள்ளே விடவே மாட்டோம் என்று அடம்பிடிக்கிற இல்லமென்றால் அதையே ஒரு குறையாக எழுதி வையுங்கள்.

போனதும் முகத்தைப் பார்த்துக் கதைத்துவிட்டு நிறுத்தாதீர்கள். போர்வையை விலக்குங்கள். குதிக்கால், இடுப்பெலும்பு, நாரிக்குக் கீழே, தோள்பட்டை: படுக்கைப் புண் வருகிற இடங்கள் இவை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளிறாமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது. எங்கள் நிறத் தோலில் சிவப்பு வடிவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, சூடாகவோ கட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்கவைப்பது வழமை. "ஒழுங்காகத் திருப்புகிறீர்களா?" என்று கேட்காமல், "கடைசியாக எத்தனை மணிக்குத் திருப்பினீர்கள், எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள்.

நிறையை மாதம் ஒருமுறை கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். 48 கிலோ ஆளுக்கு அது 2.4 கிலோ. எனக்கு அதைத் தராசு சொல்லவில்லை. மணிக்கட்டில் நின்ற காப்பு, பெரியம்மா கையைத் தூக்கியபோது முழங்கை வரை வழுக்கிப் போனது. விசாரித்தால், பொய்ப்பல் நாலு நாளாக அலுமாரிக்குள். பல்லில்லாத வாய்க்கு வறட்டுப் புட்டு! சொதியில் ஊறவைத்துக் கொடுத்தால் சாப்பிடுவார் என்று எழுதிக் குசினியில் ஒட்டிவிட்டு வந்தேன். பாரிசவாதக்காரர் நிமிர்ந்து இருந்துதான் சாப்பிட வேண்டும், சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது. தண்ணீர் குடிக்கும்போது இருமினால் அதையும் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

குளிசைகளுக்குக் கிளினிக் கொப்பியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளினிக்குக்குப் பிறகும் புதுப் பக்கத்தை எடுங்கள். மருந்துப் பையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்தான். பகலெல்லாம் தூங்கி விழுந்தால், புதிதாக என்ன குளிசை என்று கேளுங்கள். நேற்றுவரை தெளிவாகக் கதைத்தவர் திடீரென்று தடுமாறினால், "வயசு போனால் அப்படித்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள். சலத்தில் (சிறுநீரில்) கிருமி இருந்தாலும் வயதானவர்களுக்கு அப்படி வரும், பரிசோதித்தால் தெரிந்துவிடும்.

கேள்விகளை அலுவலகத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பெரிய பயனில்லை. கழுவித் துடைக்கிற பிள்ளைக்குத்தான் எல்லாம் தெரியும். "தங்கச்சி, இரவில் எத்தனை பேருக்கு நீங்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன். அவள் சொன்ன எண்ணைக் கேட்டதும் ஏச வந்த வாய் மூடிக்கொண்டது. அவளைத் திட்டினால் அடுத்த முறை உங்களுக்கு ஒன்றும் சொல்லமாட்டாள்.

குறையை முதலில் பொறுப்பாளரிடம் வாயால் சொல்லுங்கள். ஒரு கிழமையில் திருந்தாவிட்டால் திகதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போகலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இல்லங்களின் பதிவு பற்றியும் பேசுகிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஆனால் மேற்கையில் விரல் பதிந்த கண்டலைக் கண்டால் இந்தப் படியெல்லாம் வேண்டாம். படம் எடுத்து, ஆளை அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள், பொலிஸிலும் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. வாட்ஸ்அப்பில் நீங்கள் பார்ப்பது முகத்தை மட்டும். அந்த நேரத்துக்கு முகத்தைத் துடைத்துவிட ஒரு நிமிடம் போதும். போனைப் பிடிப்பவரிடம் காலை, கட்டிலை, மேசையைக் காட்டச் சொல்லுங்கள். போன கிழமை அண்ணா கேட்டபோது பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூன்று வருசம் முகத்தைப் பார்க்க வராதவன் இப்ப குதிக்காலைப் பார்க்கிறானாம்" என்று முறைத்தார். ஆனாலும் போர்வையை இடக்கையால் இழுத்துவிட்டுக் காலை நீட்டினார்.