புதிய ஒட்டுண்ணிக் குளவியை விவரிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வீட்டுப் பப்பாசி மரத்தில் மாவுப்பூச்சி பிடித்திருந்தால், அதில் கொஞ்சத்தைப் போத்தலில் போட்டு வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். சில நாட்களில் ஒரு மில்லிமீற்றர் அளவேயான குளவிகள் உள்ளே நடமாடக்கூடும். மாவுப்பூச்சிக்குள் முட்டையாக நுழைந்து, அதைத் தின்று வளர்ந்து, கொன்றுவிட்டு வெளியேறும் ஒட்டுண்ணிக் குளவிகள் இவை. இந்தக் கூட்டத்தில் பெயர் வைக்கப்படாத இனங்கள் இன்னும் ஏராளம். கொழும்பு நகர எல்லைக்குள்ளேயே ஒரு புதிய இனம் கிடைத்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதை ஒழுங்காக விவரித்து எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்தக் கட்டுரையை வாசிக்கப்போகிறவர் வேறொரு குளவியைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது அதுதானா?’ என்று கேட்கப்போகிறவர். தவறுகளில் பெரும்பகுதி அவரை மறந்துவிடுவதால் வருவது.

முதலாவதும் பெரியதுமான தவறு, ‘இணைக்கவர்ச் சுட்டியில் (ஒவ்வொரு படியிலும் இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து இனத்தை அடையாளம் காணும் வழிகாட்டியில்) அகப்படவில்லை, ஆகவே புதியது’ என்று முடிவுகட்டுவது. அந்தச் சுட்டி எந்த நாட்டுக் குளவிகளை வைத்து எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். இந்தியாவுக்கோ கொஸ்தாரிக்காவுக்கோ எழுதிய சுட்டியில் இலங்கைக் குளவி அகப்படாததில் செய்தி எதுவும் இல்லை. இந்தத் தீவின் குளவிகளுக்குப் பெயர் வைக்கும் வேலை 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. பிரித்தானியப் பூச்சியியலாளர் பிரான்சிஸ் வோக்கர் 1859, 1860 ஆண்டுகளில் இலங்கைப் பூச்சிகள் பலவற்றுக்குப் பெயரிட்டார். பேராதனையில் இருந்த பூச்சியியலாளர் ஏர்னஸ்ட் கிறீன் சேகரித்த குளவிகளைப் பீற்றர் கமரன் 1905 இல், கொழும்பு நூதனசாலையின் சஞ்சிகையான ஸ்பொலியா செலனிக்காவில் விவரித்தார். அந்தப் பழைய விவரணைகளைப் படித்தால் தலை சுற்றும். நிறம் இருக்கும், நீளம் இருக்கும், இன்று நமக்கு வேண்டியது பல இடங்களில் இராது. ஆகவே மூல மாதிரியையே, அதாவது அந்தப் பெயர் எதை வைத்து இடப்பட்டதோ அந்தக் குளவியையே, பார்க்க வேண்டும். அவற்றில் பல லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. போக முடியாவிட்டால் அங்குள்ள பொறுப்பாளருக்கு எழுதிப் படம் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம், துறையில் எல்லோரும் செய்வதுதான்.

இதற்குள் இன்னொரு பொறியும் உண்டு. பழைய பெயர் இன்று வேறு சாதிக்குள் (பேரினத்துக்குள்) இருக்கலாம். ஒரு காலத்தில் அபன்டெலிஸ் என்ற ஒரே சாதிக்குள் நூற்றுக்கணக்கான இனங்களை அடைத்து வைத்திருந்தார்கள். 1981 இல் பூச்சியியலாளர் மேசன் அதைப் பிரித்துப்போட்டார். கொட்டேசியா, கிளிப்டபன்டெலிஸ், டொலிக்கோஜெனிடியா என்று அவை இன்று பரவிக் கிடக்கின்றன. உங்களுடையது கொட்டேசியா என்றால், இலங்கையிலிருந்து அபன்டெலிஸ் என்ற பெயரில் விவரிக்கப்பட்டவற்றையும் புரட்டியாக வேண்டும். கல்சிட் என்ற சிறு குளவிக் கூட்டத்துக்குப் பூச்சியியலாளர் ஜோன் நொய்ஸ் தொகுத்த உலகத் தரவுத்தளம் இருப்பதால் இந்த வேலை கொஞ்சம் இலகு. ஆனாலும் தரவுத்தளம் வழியைத்தான் காட்டும், மூலக் கட்டுரையை நாமேதான் படிக்க வேண்டும்.

அடுத்தது விருந்துவழங்கியை, அதாவது குளவி எந்தப் பூச்சிக்குள் வளர்ந்தது என்பதை, தவறாக எழுதுவது. இது வெறும் குறிப்பு என்று நினைப்பவர்கள் பப்பாசிக் கதையைக் கேட்க வேண்டும். மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பப்பாசி மாவுப்பூச்சி 2008 இல் கம்பஹா, கொழும்பு மாவட்டங்களில் பெருகித் தோட்டங்களை நாசமாக்கியது. அதைக் கட்டுப்படுத்த 2009 இல் கொண்டுவந்து விடப்பட்டது அசெரொபேகஸ் பப்பாயே என்ற குளவி. அந்தக் குளவிக்கே பெயர் கிடைத்தது 2003 இல்தான். எந்தப் பூச்சியைத் தாக்கும் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்ததால், அந்தப் பெயரை நம்பி ஒரு நாடு குளவியை இறக்குமதி செய்ய முடிந்தது.

இனி நம் போத்தலுக்கு வருவோம். மூன்று வகைக் குளவி வெளிவந்தால் மூன்றுமே மாவுப்பூச்சியைத் தின்றவை என்று எழுதிவிடுவார்கள். அதில் ஒன்று கார்ட்டொசெரஸ் ஆக இருக்கலாம். அது மாவுப்பூச்சிக்குள் இருக்கும் மற்றக் குளவியைத் தின்று வளர்வது, ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி. இலைக்குள்ளே வேறொரு பூச்சி சுரங்கம் போட்டிருந்து, குளவி அதிலிருந்து வந்திருக்கவும் கூடும். ஒரு குழாயில் ஒரு பூச்சி, அதில் அதன் வெற்றுக்கூடும் பத்திரமாக என்று வளர்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். அப்படிச் செய்யவில்லையென்றால் ‘பப்பாசி இலையிலிருந்து பெறப்பட்டது’ என்பதோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

ஒரே ஒரு மாதிரியை வைத்து இனம் நிறுவுவதும் ஆபத்து. இந்தக் குளவிகளின் உடல், தான் தின்ற பூச்சியின் அளவுக்கேற்பப் பெருக்கும் சிறுக்கும். உருவமே மாறுவதும் உண்டு. ட்ரைகொகிராம்மா செம்பிளிடிஸ் என்ற குளவியின் ஆண், அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்தால் சிறகோடு வரும், சியாலிஸ் என்ற நீர்ப்பூச்சியின் முட்டையில் வளர்ந்தால் சிறகில்லாமல் வரும். ஜோர்ஜ் சோல்ட் 1937 இல் இதைக் காட்டினார். தெரியாதவர் கையில் கொடுத்தால் இரண்டையும் இரண்டு இனமாக்கிவிடுவார். ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இனமாக விவரித்த கூத்தும் இந்தத் துறையில் நிறையவே நடந்திருக்கிறது. அப்புறம் ட்ரைகொகிராம்மாவில் பல இனங்களைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தாக வேண்டும். கையில் பெண் மட்டும் இருந்தால் பொறுத்திருப்பதே மேல்.

நிறத்தை நம்பி எழுதுபவர்கள் மாதிரியை எதில் வைத்திருந்தோம் என்று யோசிப்பதில்லை. மதுசாரத்தில் கிடந்தது வெளுக்கும். சயனைட் போத்தலில் கொன்றால் மஞ்சள் சிவப்பாக மாறலாம். மதுசாரத்திலிருந்து எடுத்துச் சும்மா காயவிட்டால் கண்ணும் முகமும் சுருங்கிப்போகும், பிறகு அந்தச் சுருக்கத்தையே இனத்தின் இயல்பாக எழுதுவதும் நடக்கிறது. டிஎன்ஏவுக்கு 95 வீத மதுசாரம் நல்லது, ஆனால் அதில் உடல் விறைத்து உணர்கொம்பு ஒடியும். இரண்டு தேவைக்கும் தனித்தனியாகச் சில மாதிரிகளை ஒதுக்கிவிடுங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் உலர் மாதிரிகளுக்குப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

எழுதும்போது நடக்கும் தவறு வேறு. தலை முதல் வயிறு வரை நான்கு பக்கம் விவரித்துவிட்டு, மிக நெருங்கிய இனத்திலிருந்து இது எதில் வேறுபடுகிறது என்ற மூன்று வரியை விட்டுவிடுவார்கள். எனக்கு அந்த மூன்று வரிதான் முக்கியம். ‘உணர்கொம்பு நீளமானது’ என்றால் எதை விட? விகிதத்தைச் சொல்லுங்கள், எத்தனை மாதிரிகளில் அளந்தது என்று சொல்லுங்கள், படத்தில் அளவுகோல் போடுங்கள்.

டிஎன்ஏ பார்கோட் (இனத்தை அடையாளம் காண உதவும் டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டு) மட்டுமே போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. 2021 இல் கொஸ்தாரிக்காவிலிருந்து பிரகோனிட் என்ற ஒட்டுண்ணிக் குளவிக் குடும்பத்தின் 403 இனங்களைப் பெரும்பாலும் பார்கோட்டையே ஆதாரமாக வைத்து ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். இப்படிப் போனால்தான் அழிவதற்குள் பெயர் வைக்க முடியும் என்பது அவர்கள் வாதம். கடும் விமர்சனமும் வந்தது. அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் படிக்க வசதியில்லாத ஒரு விவசாயப் பரிசோதகர், நுணுக்குக்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களை என்ன செய்வார்? தவிர, வொல்பாக்கியா பக்டீரியா தொற்றிய குளவிகளில் பார்கோட் எடுக்கப்படும் இழைமணி டிஎன்ஏ நம்மைத் தவறாக வழிநடத்தலாம். உருவமும் பார்கோட்டும் சேர்ந்து ஒன்றையே சொன்னால் நிம்மதி.

அனுமதி விடயம் சுருக்கமாக. கொழும்பை ஒட்டிய பெல்லன்வில அத்திடிய சதுப்புநிலம் நடக்கப் போகும் இடம் போலத் தோன்றலாம், ஆனால் 1990 முதல் அது சரணாலயம். அங்கே வலை விரிக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் அப்படித்தான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கட்டுரை சஞ்சிகையில் தடைப்படும்.

கடைசியில் பெயர். விலங்கியல் பெயரிடல் விதிக்கோவை இதில் விட்டுக்கொடுப்பதில்லை. 1999க்குப் பின் வெளியிடும் பெயருக்கு மூல மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று கட்டுரையிலேயே எழுதியிருக்க வேண்டும். ‘என் ஆய்வுகூடத்தில் உள்ளது’ என்று விடாமல் கொழும்பு நூதனசாலை போன்ற பொது இடத்தில் வையுங்கள். ‘புதிய இனமாக இருக்கலாம், அப்படியானால் இன்ன பெயர்’ என்று நிபந்தனையோடு முன்மொழிந்தால் அந்தப் பெயர் செல்லாது. பெயரடையாக வரும் இனப்பெயர் சாதிப்பெயரின் இலக்கணப் பாலுக்கு (ஆண்பால், பெண்பால் போன்றவை) இணங்க வேண்டும்: அபன்டெலிஸ் குளொமெராட்டஸ் என்றிருந்தது கொட்டேசியாவுக்கு மாறியபோது குளொமெராட்டா ஆனது. இணையத்தில் மட்டும் வரும் சஞ்சிகையென்றால் விலங்கியல் பெயர்களுக்கான பதிவேடான ஸூபேங்கில் பதிந்திருக்க வேண்டும், பதிந்ததற்கான சான்றும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியீட்டாளர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், இறுதிப் படி கைக்கு வரும்போது அந்தப் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.