விண்டோஸ் 10 லேப்டாப்புக்கு அடுத்து என்ன பண்றது? (இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க் தெரியலன்னா முழுசா படிங்க)

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. எங்க அப்பா லேப்டாப் 7வது ஜெனரேஷன் ஐ5, விண்டோஸ் 11 பெரும்பாலும் 8வதுல இருந்துதான் கேக்குது, அதனால அந்த வழி இல்ல. "அதான் ஆன் ஆகுதேடா, எதுக்கு நோண்டுற"ன்னாரு அப்பா. ஆன் ஆகும்தான். ஆனா மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் ஓட்டைகளை அடைச்சு அப்டேட் விடுவாங்க, 11ல எந்த இடத்தை அடைச்சாங்கன்னு பாத்தாலே அதே ஓட்டை 10லயும் இருக்கான்னு ஹேக் பண்றவன் தேட ஆரம்பிச்சுடுவான், ரெண்டும் ஒரே வேர்ல இருந்து வந்ததுதானே. பென்ஷன் அக்கவுண்ட் பாக்குற மெஷின்ல அந்த ரிஸ்க் எனக்கு வேணாம்.

முதல் வேலை: ஒரு வருஷம் டைம் வாங்குங்க

ஸ்டார்ட்ல வின்வெர்னு டைப் பண்ணி பாருங்க, வெர்ஷன் 22எச்2ன்னு இருக்கணும். இல்லன்னா முதல்ல அதுக்கு அப்டேட் பண்ணுங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துல "என்ரோல் நவ்"னு ஒரு லிங்க் வரும். இதுதான் இஎஸ்யூ, 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் தர்ற திட்டம். செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணா ஃப்ரீ, இல்லன்னா 1000 ரிவார்ட்ஸ் பாயிண்ட், அதுவும் இல்லன்னா 30 டாலர். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கண்டிப்பா வேணும்.

டேலி ஓட்டுறவங்க, டிஎஸ்சி டோக்கன் வெச்சு ஜிஎஸ்டி ஃபைல் பண்றவங்க இதோட நிறுத்திக்கிட்டு அடுத்த மெஷினுக்கு காசு சேத்துக்கோங்க, லினக்ஸ்ல (விண்டோஸுக்கு பதிலா போடுற ஃப்ரீ ஆபரேட்டிங் சிஸ்டம்) மல்லுக்கட்ட வேணாம். பிரவுசர், யூடியூப், ஈபி பில், வாட்ஸ்அப் வெப், இவ்ளோதான் வேலைன்னா லினக்ஸ் போட கீழ படிங்க.

ரெண்டாவது: பென்டிரைவ்

ஃபைல் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்ல பேக்கப் எடுத்தாச்சுன்னு வெச்சுக்குறேன். லினக்ஸ் மின்ட் 22 டவுன்லோட் பண்ணுங்க, 2029 வரைக்கும் சப்போர்ட் இருக்கு. அதுல ரேம் 4 ஜிபின்னா எக்ஸ்எஃப்சிஇங்கிற லேசான எடிஷன், 8ன்னா சின்னமன் எடிஷன். அப்புறம் 8 ஜிபி பென்டிரைவ், அதுல மின்ட்டை பூட் ஆகுற மாதிரி எழுதுறதுக்கு ரூஃபஸ்னு ஒரு சாஃப்ட்வேர். எட்சர்னு ஒண்ணு இருக்கு, நிறைய பேர் அதைத்தான் சொல்றாங்க, எனக்கு ரூஃபஸ்தான், சின்ன ஃபைல், இன்ஸ்டால் கூட பண்ண வேணாம்.

பென்டிரைவ்ல பூட் பண்ணி உடனே இன்ஸ்டால் ஐகானை தட்டாதீங்க. அப்படியே லைவ்ல ஒரு மணி நேரம் ஓட்டுங்க. வைஃபை வருதா, சவுண்டு வருதா, கேமரா வருதா, வீட்டு பிரிண்டர் பேப்பர் தள்ளுதா, எல்லாத்தையும் இங்கயே பாத்துடலாம், விண்டோஸ் பத்திரமா உள்ள இருக்கும்.

மூணாவது: நான் ரெண்டு நாள் மாட்டிக்கிட்ட இடம்

இன்ஸ்டாலர்ல டிஸ்க் செலக்ட் பண்ற பக்கம் வந்துச்சு. லிஸ்ட்ல நான் குத்தியிருந்த பென்டிரைவ் மட்டும்தான் இருக்கு. 256 ஜிபி எஸ்எஸ்டியை காணவே காணோம். தெரு முனை சர்வீஸ் கடையில கேட்டா "எஸ்எஸ்டி போயிடுச்சு, மாத்தணும்"னுட்டாங்க. ஆனா பென்டிரைவை உருவிட்டு ஆன் பண்ணா விண்டோஸ் ஜம்முனு வருது. செத்த டிஸ்க்ல இருந்து அது எப்படி வரும்?

விஷயம் என்னன்னா, சில லேப்டாப் கம்பெனிக்காரங்க பயாஸ்ல (விண்டோஸ் எழும்புறதுக்கு முன்னாடி வர்ற லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) ஸ்டோரேஜை ரெய்டு இல்லன்னா இன்டெல் ஆர்எஸ்டின்னு ஒரு மோட்ல வெச்சு அனுப்புறாங்க. அந்த மோட்ல எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி இன்டெல் கன்ட்ரோலருக்கு பின்னாடி மறைஞ்சுக்கும், லினக்ஸ் கண்ணுக்கு படாது. அதை ஏஎச்சிஐங்கிற சாதாரண மோடுக்கு மாத்தணும். ஆனா பயாஸ்ல நேரா போய் மாத்திட்டா விண்டோஸ் நீலக்கலர் ஸ்கிரீன்ல நின்னுடும். அதனால இந்த வரிசையில பண்ணுங்க:

1. விண்டோஸ் ஸ்டார்ட்ல எம்எஸ்கான்ஃபிக்னு டைப் பண்ணி திறந்து, பூட் டேப்ல சேஃப் பூட்டை டிக் பண்ணி ரீஸ்டார்ட் குடுங்க.
2. ஸ்கிரீன் வர்றதுக்கு முன்னாடியே எஃப்2 தட்டி (உங்க மெஷின்ல வேற கீயா இருக்கலாம்) பயாஸ்குள்ள போய் சாட்டா மோடை (அந்த ஸ்டோரேஜ் செட்டிங்தான்) ஏஎச்சிஐ ஆக்கி சேவ் பண்ணுங்க.
3. விண்டோஸ் சேஃப் மோட்ல எழும்பும், புது டிரைவரை அதுவே எடுத்துக்கும். திரும்ப எம்எஸ்கான்ஃபிக் போய் டிக்கை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

இப்போ பென்டிரைவ்ல பூட் பண்ணுங்க, டிஸ்க் லிஸ்ட்ல எஸ்எஸ்டி வந்து நிக்கும். எனக்கு வந்தப்போ ராத்திரி ஒரு மணி, அப்பாவை எழுப்பி காட்டினேன். விண்டோஸே வேணாம், மொத்தமா அழிக்கப் போறேன்னா நேரா பயாஸ்ல மாத்திடலாம், இந்த மூணு படியும் தேவையில்ல.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர் சேஃப் மோட்ல பின் நம்பர் எடுக்கலன்னு சொல்லியிருந்தாங்க. ஆமா, அங்க பல மெஷின்ல பாஸ்வேர்டுதான் கேக்கும், அதனால அக்கவுண்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க. இன்னொருத்தருக்கு பிட்லாக்கர் (டிஸ்க்கை பூட்டி வைக்குற விண்டோஸ் வசதி) ரிகவரி கீ கேட்டு நின்னுடுச்சு. பயாஸை தொடுறதுக்கு முன்னாடி அந்த 48 இலக்க நம்பரை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருந்து எடுத்து பேப்பர்ல எழுதிக்கோங்க. போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் சரி, அதே லேப்டாப்ல மட்டும் சேவ் பண்ணாதீங்க!

அப்டேட் 2: மின்ட்ல தமிழ் டைப்பிங் எப்படின்னு நிறைய பேர் கேட்டீங்க. கீபோர்டு செட்டிங்ஸ்ல லேஅவுட் சேக்குற இடத்துல இந்தியா கீழ தமிழ்நெட் 99 இருக்கு, எதுவும் டவுன்லோட் பண்ண வேணாம். அம்மான்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு பழகினவங்க ஐபஸ், எம்17என்னு ரெண்டு டைப்பிங் சாஃப்ட்வேரையும் சாஃப்ட்வேர் மேனேஜர்ல போட்டு ஃபோனெட்டிக் எடுத்துக்கலாம். இந்த ரெண்டாவது அப்டேட்டை மின்ட்ல, தமிழ் 99லதான் அடிச்சேன்.