உணவு வங்கிக்குக் கொடுக்கும் முன்

எங்கள் வட்டார உணவு வங்கியின் கிடங்கில் சனிக்கிழமைதோறும் பொருட்களைப் பிரித்து அடுக்குகிறேன். ஆட்கள் வரிசையில் நின்று பை வாங்கிப் போகும் இடம் அது என்றுதான் சேரும்போது நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு மொத்தக் கிடங்கு. பண்ணையிலும் ஆலையிலும் பெரிய கடைகளிலும் மிஞ்சியது லாரியில் வந்து இறங்கும். சோதித்து, எடை போட்டு, சிறிய விநியோக மையங்களுக்கும் சமையற்கூடங்களுக்கும் விடுதிகளுக்கும் அனுப்புவோம். ஒரு லாரி பாலை ஒரு சின்ன மையம் எங்கே வைக்கும்? குளிர்பதன அறை இருக்கும் கிடங்குதான் அதை வாங்கிப் பங்கு போட முடியும். 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கியதும் இதே எண்ணத்தில்தான். மிஞ்சியவர் போட்டு வைக்கலாம், இல்லாதவர் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் வங்கி என்று பெயர்.

சரி, நீங்கள் கொடுக்க நினைத்தால் முதலில் போன் செய்து இந்த வாரம் என்ன குறைகிறது என்று கேளுங்கள். பண்டிகைக் காலத்தில் பெட்டிகள் குவியும். அப்புறம் இரண்டு மாதம் கழித்து அலமாரி காலியாக நிற்கும். அந்தக் காலி மாதத்தில் வரும் ஒரு பெட்டியைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தேதியைப் பாருங்கள். ‘இதற்கு முன் உண்பது சிறந்தது’ என்பது சுவையையும் தரத்தையும் பற்றியது. அந்தத் தேதி தாண்டிய பொருளில் சிலவற்றைச் சோதித்துவிட்டு எடுத்துக்கொள்வோம். ‘இதற்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பு பற்றியது. அது தாண்டினால் குப்பைக்குத்தான். குழந்தைகளின் பால் மாவில் தேதி ஒரு நாள் தாண்டியிருந்தாலும் கொடுக்காதீர்கள். 2022-இல் உலகில் உருவான 105 கோடி டன் உணவுக் கழிவில் சுமார் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். அலமாரியின் மூலையில் மறந்துபோன பொட்டலங்களும் அதில் அடக்கம். அவற்றை இரண்டு மாதம் முன்பே எங்களிடம் கொடுத்திருக்கலாம்.

வீங்கிய டின், துருப்பிடித்த டின், விளிம்பில் நசுங்கிய டின் எதுவும் வேண்டாம். உள்ளே நச்சு உருவாகியிருந்தால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். சமைத்த உணவைக் கேட்காமல் கொண்டுவராதீர்கள். 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைத்து எடுத்துவர வேண்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வாங்க மாட்டோம்.

சோப்பையும் உணவையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். ஒருமுறை சோப்புத்தூள் பை கிழிந்து, அதற்கடியில் இருந்த தானியம் முழுவதும் வீணாயிற்று. அதை என் கையாலேயே குப்பையில் கொட்டினேன்; இன்னும் மனசு ஆறவில்லை.

எதைக் கொடுப்பது என்று குழப்பமா? பணமாகக் கொடுங்கள். கிடங்கு மொத்த விலையில் வாங்கும். லாரிக்கு டீசலும் குளிர்பதன அறைக்கு மின்சாரமும் வேண்டுமே.

உங்கள் வீட்டுக்கே உணவு தேவை என்றாலும் கிடங்குக்குப் போன் செய்யுங்கள். பக்கத்தில் எந்த மையம், என்றைக்குத் திறக்கும் என்று சொல்வோம். வீட்டில் எத்தனை பேர், குழந்தை இருக்கிறதா, எது ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கேற்ற பொருட்கள் எங்கே கிடைக்கும் என்று பார்த்துச் சொல்வோம்.