பழைய திங்க்பேட் பி52: தேர்ந்து வாங்கவும் மேம்படுத்தவும் பழுது பார்க்கவும் ஒரு வழிகாட்டி

நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் ஒர்க்ஸ்டேஷன் (கனமான வேலைகளுக்கான) மடிக்கணினிகள், சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் பெருமளவில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் 2018ஆம் ஆண்டு வெளிவந்த லெனோவோ திங்க்பேட் பி52 என்ற மாடலை இங்கே எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலின் எட்டாம் தலைமுறைச் செயலிகளிலிருந்துதான் முறைப்படி இயங்கும். பி52 அந்த எட்டாம் தலைமுறையைச் சேர்ந்தது என்பதால் தப்பிக்கிறது. அதற்கு முன் வந்த பி50, பி51 இரண்டும் அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. விலை சற்றுக் குறைகிறது என்பதற்காக அவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இந்த வகைக் கணினியை வாங்குவோர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இதில் தேயக்கூடிய பாகங்களான பேட்டரி, ரேம் (நினைவகம்), எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்), விசைப்பலகை, விசிறி, திரை ஆகிய அனைத்தையும் ஒரு திருப்புளி கொண்டு உரிமையாளரே மாற்றிவிடலாம். அதற்கான படங்களுடன் கூடிய பராமரிப்புக் கையேட்டை லெனோவோ தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆனால் செயலியும் குவாட்ரோ கிராபிக்ஸ் சிப்பும் மதர்போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டவை. ஆகவே வாங்கும் நாளில் நம் கவனம் முழுவதும் மதர்போர்டின் மீது இருக்க வேண்டும். பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை, ரேம் 8 ஜிபிதான் இருக்கிறது என்பவையெல்லாம் விலையைக் குறைத்துப் பேசுவதற்கு உதவும் குறைகளே தவிர, வாங்காமல் விடுவதற்கான காரணங்கள் அல்ல.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கணினியை இயக்கியவுடன் எஃப்1 விசையை அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புத் திரை) நுழையுங்கள். நுழைவதற்கே கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினியைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திங்க்பேட்களில் சூப்பர்வைசர் கடவுச்சொல் தனியொரு நினைவகச் சிப்பில் பதிந்திருக்கும்; உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னால் அது இந்தக் கணினிகளுக்குப் பொருந்தாது. கடவுச்சொல்லை மறந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. பயாஸுக்குள் பாதுகாப்புப் பகுதியில் கம்ப்யூட்ரேஸ் என்ற அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்றும் பாருங்கள். அது இயக்கத்தில் இருந்தால், பழைய நிறுவனம் அந்தக் கணினியைத் தொலைவிலிருந்தே பூட்டிவிட வாய்ப்புண்டு.

அடுத்ததாக, அடிப்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணும் பயாஸ் காட்டும் வரிசை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணை லெனோவோவின் உதவிப் பக்கத்தில் இட்டால், அது தொழிற்சாலையிலிருந்து எந்தச் செயலி, எந்தத் திரை, எந்த கிராபிக்ஸ் சிப்புடன் வெளியே வந்தது என்பது தெரிந்துவிடும். பி52 கோர் ஐ7 செயலியுடனும் ஸியான் செயலியுடனும் வந்தது. கிராபிக்ஸ் குவாட்ரோ பி1000, பி2000, பி3200 என மூன்று வகை. இந்த மூன்றும் என்விடியாவின் பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்தவை. அந்தத் தலைமுறைக்கு 580 என்ற டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) வரிசையே கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டது. கிராபிக்ஸ் சிப்பில் கணக்கீடுகளை ஓட்ட என்விடியா தரும் ‘கூடா’ மென்பொருளின் 13ஆம் பதிப்பும் பாஸ்கலைக் கைவிட்டுவிட்டது. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், வீடியோ எடிட்டிங் போன்றவற்றுக்கு இந்தச் சிப்புகள் இன்றும் நன்றாகவே உழைக்கும். ஆனால் செயற்கை நுண்ணறிவு மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், இதைவிட்டு டூரிங் தலைமுறை ஆர்டிஎக்ஸ் சிப்புடன் வந்த அடுத்த மாடலான பி53ஐத் தேடுவதே நல்லது.

முடிந்தால் கடையிலேயே விண்டோஸைப் புதிதாக நிறுவி, இணையத்தில் இணைத்துப் பாருங்கள். முதல் அமைப்பின்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் தோன்றி அலுவலக மின்னஞ்சலைக் கேட்டால், அந்தக் கணினி இன்னும் அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது என்று பொருள். அதை அவர்கள்தான் நீக்க முடியும். விண்டோஸ் உரிமத்தைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10 ப்ரோவுடன் வந்த கணினியில் உரிமச் சாவி பயாஸிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 11 ப்ரோவும் அதைக் கொண்டே செயல்பாட்டுக்கு வந்துவிடும்.

தண்டர்போல்ட் (வெளிக்கருவிகளை வேகமாக இணைக்கும்) துளைகள் இரண்டையும் தவறாமல் சோதியுங்கள். 2017 முதல் 2019 வரை வெளிவந்த பல திங்க்பேட்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் (சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஒரு பிழை இருந்தது. நாளடைவில் அந்தத் துளைகள் செயலிழந்துவிடும். அதைத் தடுக்கும் திருத்தத்தை லெனோவோ வெளியிட்டது. துளைகள் இன்னும் வேலை செய்கின்றன என்றால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிடுங்கள். செயலிழந்த பிறகு புதுப்பித்தால் பல நேரங்களில் பயன் இருக்காது.

அடாப்டரையும் புரட்டிப் பாருங்கள். பி52க்கு 170 அல்லது 230 வாட் அடாப்டர் தேவை. அதே செவ்வக முனை கொண்ட 65 வாட் அடாப்டர் மாட்டுவதற்குப் பொருந்திவிடும் என்பதால் சில கடைகளில் அதைக் கொடுத்தனுப்புகிறார்கள். அதை வைத்துக்கொண்டு கனமான வேலை செய்தால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கியவரோ கணினியே மெதுவானது என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

மேம்படுத்துதல்

திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். பேட்டரி உள்ளேயே இருப்பதால், அடாப்டரைக் கழற்றினாலும் மதர்போர்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பயாஸில் பவர் பகுதிக்குச் சென்று, உள் பேட்டரியை முடக்கும் தேர்வைக் கொடுங்கள். கணினி தானாக அணைந்துவிடும். மீண்டும் அடாப்டரை மாட்டும் வரை உயிர்பெறாது. சூடு தணியச் சில நிமிடங்கள் விட்டு, அதன் பிறகு அடிமூடியின் திருகுகளைத் தளர்த்துங்கள். திருகுகள் மூடியிலேயே தங்கிவிடும் வகை என்பதால் அவற்றை வெளியே இழுக்க முயல வேண்டாம். மூடியை விடுவிக்க உலோகக் கத்தியை நுழைக்காமல் பிளாஸ்டிக் பட்டையைப் பயன்படுத்துங்கள்.

ரேமுக்கு நான்கு இடங்கள் இருக்கின்றன. டிடிஆர்4 வகை, 128 ஜிபி வரை ஏற்கும். இரண்டு இடங்கள் அடிமூடியைத் திறந்தவுடன் தெரியும். மற்ற இரண்டும் விசைப்பலகைக்கு அடியில் உள்ளன. மூடியைத் திறந்ததும் இரண்டு இடமும் காலியாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம், கணினியில் இருக்கும் ரேம் மேல்பக்கத்தில் இருக்கும். பெரும்பாலோருக்கு 16 ஜிபி அட்டைகள் இரண்டை அடிப்பக்கத்தில் சேர்ப்பதே போதும். விசைப்பலகையைத் தொட வேண்டிய தேவையே வராது. தொடத்தான் வேண்டும் என்றால், அடியிலிருந்து அதைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி, திரையை நோக்கி மெல்ல நகர்த்திய பிறகு தூக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் அடியில் இணைந்திருக்கும் மெல்லிய ரிப்பன் கேபிள் கிழிந்துவிடும். ரேம் அட்டையைச் சாய்வாக நுழைத்து, பொன்னிற முனைகள் ஏறக்குறைய மறையும் வரை உள்ளே தள்ளி, பிறகு கீழ்நோக்கி அழுத்தினால் இருபுறக் கொக்கிகளும் க்ளிக் என்று பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தாலும் கணினி எழாது. பிழைதிருத்தும் ஈசிசி ரேம் ஸியான் செயலி உள்ள கணினிகளில் மட்டுமே வேலை செய்யும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஐ7 கணினிக்கு அதை வாங்கினால் பணம் வீண். அதைச் சாதாரண ரேமுடன் கலந்து போடவும் கூடாது.

ரேம் மாற்றிய பின் முதல் முறை இயக்கும்போது, திரையில் எதுவும் வராமல் கணினி சற்று நேரம் மௌனமாக இருக்கும். அது புதிய நினைவகத்தை அளந்து பழகிக்கொள்ளும் நேரம். ஓரிரு நிமிடம் பொறுத்திருங்கள். பதறி அணைக்க வேண்டாம்.

சேமிப்புக்கு இரண்டு எம்.2 என்விஎம்இ (அட்டை வடிவ எஸ்எஸ்டி) இடங்களும் ஒரு 2.5 அங்குல டிரைவுக்கான இடமும் இருக்கின்றன. இவை பிசிஐஇ மூன்றாம் தலைமுறை இணைப்புகள். நான்காம் தலைமுறை எஸ்எஸ்டியும் இதில் வேலை செய்யும். ஆனால் வினாடிக்கு ஏறக்குறைய 3,500 எம்பிக்கு மேல் போகாது. ஆகவே வேகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காமல், அந்தப் பணத்தில் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டி கண்ணிலேயே படவில்லை என்றால், பயாஸில் சேமிப்பு அமைப்பு ரெய்டு (பல டிரைவுகளை ஒன்றாக இணைக்கும்) முறையில் இருக்கக்கூடும். அதை ஏஎச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே விண்டோஸ் நிறுவப்பட்ட கணினியில் இந்த மாற்றத்தைச் செய்தால் விண்டோஸ் எழாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரியின் உண்மை நிலையை லெனோவோ வான்டேஜ் என்ற மென்பொருள் காட்டிவிடும். 90 வாட்-மணி என்ற தொழிற்சாலைக் கொள்ளளவில் இப்போது எவ்வளவு எஞ்சியிருக்கிறது, எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது, எந்த ஆண்டு தயாரானது என்பவை அதில் தெரியும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். எப்போதும் மேசையில் அடாப்டரோடு வைத்து வேலை செய்பவர்கள், அதே மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்திவைத்தால் பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும். மணிக்கட்டு வைக்கும் பகுதி உப்பினாலோ டச்பேட் அழுத்த முடியாமல் இறுகினாலோ பேட்டரி வீங்குகிறது என்று பொருள். உடனே பயன்பாட்டை நிறுத்திக் கழற்றுங்கள். குத்தவோ அழுத்தவோ வீட்டுக் குப்பையில் போடவோ கூடாது. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

பழுது பார்த்தல்

எந்தப் பழுதாக இருந்தாலும் கழற்றக்கூடியவற்றை முதலில் விலக்கிவிட்டு, அதன் பிறகே மதர்போர்டைச் சந்தேகியுங்கள். இயக்கினால் உயிரே வரவில்லை என்றால், அடாப்டரைக் கழற்றிவிட்டு, அடிப்பக்கத்தில் உள்ள மீட்டமைப்புத் துளையில் நிமிர்த்திய காகிதக் கவ்வியின் முனையை நுழைத்துச் சில வினாடிகள் அழுத்தி, ஒரு நிமிடம் கழித்து அடாப்டரை மாட்டி இயக்குங்கள். முற்றிலும் செத்துவிட்டதாகக் கைவிடப்பட்ட கணினிகளில் கணிசமானவை இதற்கே எழுந்துவிடுகின்றன. விளக்கு எரிந்தும் திரை வரவில்லை என்றால், எல்லா ரேமையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு அட்டையை மட்டும் மாட்டிப் பாருங்கள். பிறகு அதே அட்டையை வேறு இடத்தில் மாட்டிப் பாருங்கள். பழுது அட்டையிலா, இடத்திலா என்பது அப்போது தெளிவாகும்.

ஒவ்வொரு முறையும் 0271 என்ற பிழை எண் வந்து தேதியைச் சரிசெய்யச் சொன்னால், நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. அது எளிய, மலிவான வேலை. இயங்கியவுடன் விசிறிப் பிழை என்று காட்டி அணைந்தால் விசிறியில் தூசியோ தேய்மானமோ இருக்கும். தொடக்கத்தில் எஃப்10 அழுத்தினால் விண்டோஸ் இல்லாமலே இயங்கும் சோதனைக் கருவி கிடைக்கும்; நினைவகத்தையும் எஸ்எஸ்டியையும் அதில் முழுமையாகச் சோதிக்கலாம்.

மிகுதியாகக் கேட்கும் புகார், கனமான வேலையின்போது வேகம் சட்டென்று சரிகிறது என்பது. இந்தச் செயலிகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பாதுகாப்பு ஏற்பாடு, பழுது அல்ல. இத்தனை ஆண்டு பழமையான கணினியில், சிப்புக்கும் வெப்பக் கடத்திக்கும் இடையே உள்ள வெப்பப் பசை காய்ந்து தூளாகியிருப்பது இயல்பு. முதலில் விசிறியின் இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, காற்றுப் போக்கின் துடுப்புகளில் கம்பளிபோல் படிந்திருக்கும் தூசியை ஊதி அகற்றுங்கள். அதற்கும் சூடு இறங்காவிட்டால் வெப்பக் கடத்தியைக் கழற்றுங்கள். அதன் திருகுகளின் அருகிலேயே வரிசை எண்கள் பொறித்திருக்கும், அந்த வரிசையில் மாட்டினால்தான் அழுத்தம் சமமாக விழும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, செயலியிலும் கிராபிக்ஸ் சிப்பிலும் புதிய பசையை மெல்லிய படலமாக இடுங்கள். சுற்றியுள்ள நினைவகச் சிப்புகளின் மேல் இருக்கும் மெத்தென்ற பட்டைகள் கிழிந்திருந்தால், அதே தடிமனில் புதியவை வைக்க வேண்டும். அந்த இடத்தில் பசையை இட்டு நிரப்பக் கூடாது.

பயாஸைப் புதுப்பிப்பதற்கு முன் டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, அதன் 48 இலக்க மீட்பு எண்ணை வேறிடத்தில் எழுதி வையுங்கள். பேட்டரியில் போதிய சார்ஜும் அடாப்டர் இணைப்பும் இருக்க வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊராக இருந்தால் பேட்டரி செத்த கணினியில் இதைச் செய்யவே கூடாது.

பாகம் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், பழைய பாகத்தின் மீது ஒட்டியிருக்கும் எஃப்ஆர்யூ (மாற்றுப் பாக) எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே பி52க்குள்ளேயே திரையும் அதன் கேபிளும் முழு எச்டிக்கு ஒன்று, 4கேக்கு ஒன்று என்று வேறுபடும். கையேட்டின் பாகப் பட்டியலில் அந்த எண்ணுக்கு மாற்றாக எவையெல்லாம் பொருந்தும் என்பதையும் பார்த்து, அவற்றைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.