சினார் இலைக்குள் சைன் தீட்டா: ஸ்கூல் புராஜெக்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடித்து காலேஜ் போன பிறகும் புராஜெக்ட் என்னை விட்டபாடில்லை. எங்கள் அப்பார்ட்மெண்டில் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் ராத்திரி எட்டு மணிக்கு சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு "அக்கா, நாளைக்கு சப்மிட் பண்ணணும்" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். ஸ்கூலில் நாங்கள் அடித்த அதே கூத்தை, அதே வரிசையில், இப்போது இவர்கள் அடிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கையெழுத்து அழகாக இருக்கட்டும், ஸ்பெல்லிங் பாருங்கள், பார்டர் போடுங்கள் என்பதெல்லாம் உங்கள் மிஸ்ஸே சொல்லிவிடுவார். வாயால் சொல்லாமல் மார்க்கில் மட்டும் காட்டுகிற விஷயங்கள் சில இருக்கின்றன, அவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

எரிமலை

பேக்கிங் சோடா, வினிகர், சிவப்புக் கலர். வேண்டாம்.

தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே பெயிண்ட்

அடித்த இரண்டாவது நிமிடம் தெர்மாகோல் குழி குழியாக உள்வாங்கும். பெயிண்டில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். செருப்புக்கு ஒட்டுகிற மஞ்சள் பசையும் இதையேதான் செய்யும். போஸ்டர் கலர் அல்லது அக்ரிலிக் பூசுங்கள், ஒட்டுவதற்கு சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். காய நேரமாகும், அதற்கு முந்தின நாளே உட்கார வேண்டும்.

கலையை ஓரத்தில் ஒட்டுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரவைக்கிற தவறு, ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகள், ஏதாவது ஒரு பாடத்தை வேறு மாநிலத்துக் கலை ஒன்றோடு சேர்த்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும் என்று 2020-21 கல்வியாண்டில் கொண்டுவந்தார்கள். மத்திய அரசின் 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் மாநிலங்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்தபோது தமிழ்நாட்டுக்கு வந்தது ஜம்மு காஷ்மீர். நல்ல யோசனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கையில் அது என்னவாக ஆகிறது என்று கேளுங்கள்.

போன தடவை பத்தாவது படிக்கிற ஒரு டீம் வந்தது. பாடம் கணக்கு. பெரிய சார்ட்டில் காஷ்மீரின் சினார் மரத்து இலை வரைந்து, ஆரஞ்சு கலர் அடித்து, ஓரமெல்லாம் ஜிகினா தூவி, இலையின் ஒவ்வொரு விரலுக்குள்ளும் ஒரு டிரிக்னாமெட்ரி ஃபார்முலா எழுதியிருந்தார்கள். மேலே பஞ்சு ஒட்டிப் பனி. கீழே தால் ஏரி, ஷிகாரா படகு, ஃபெரன் என்கிற காஷ்மீர் அங்கி போட்ட ஒரு பெண். பார்க்க ரொம்ப அழகு. "சரி, சைன் தீட்டாவுக்கும் சினாருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் ஒரு பையன், "காஷ்மீர் தீம் அக்கா" என்றான். வைவாவில் மிஸ்ஸும் இதையேதான் கேட்டிருக்கிறார், இவர்களும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். சார்ட், கலர், ஜிகினா, பிரிண்ட் அவுட் என்று எல்லாரும் காசு போட்டு வாங்கி, சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து செய்த வேலைக்குக் கிடைத்தது 'நீட்னெஸ்' மார்க் மட்டும்.

அந்த இலையை எடுத்துவிட்டு ஒரு பனைமரத்தை ஒட்டினால் அதே சார்ட் தமிழ்நாடு புராஜெக்ட் ஆகிவிடும், ஒட்டகத்தை ஒட்டினால் ராஜஸ்தான். உங்கள் புராஜெக்டிலும் படத்தை மாற்றினால் மாநிலமே மாறிவிடுகிறது என்றால் நீங்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று அர்த்தம். எனக்கு எரிச்சல் எதற்கு என்றால், கணக்கோடு இவ்வளவு ஒட்டி உறவாடுகிற கலைகள் வேறு எங்கேயும் எளிதில் கிடைக்காது, அதை விட்டுவிட்டுப் பஞ்சு வாங்கக் கடைக்கு ஓடுகிறார்களே என்றுதான்.

காஷ்மீரில் 'கதம்பந்த்' என்று ஒரு மரவேலை இருக்கிறது. சின்னச் சின்னப் பலகோண மரத்துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஆணி அடிக்காமலே கூரையின் உள்பக்கம் முழுவதையும் மூடிவிடுவார்கள். இடைவெளியே விழாமல் எந்தெந்த வடிவம் ஒன்றோடு ஒன்று சேரும்? ஒழுங்கு ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108 டிகிரி, 360ஐ 108ஆல் வகுத்தால் மீதி நிற்கும், அதனால் ஐங்கோணத்தை மட்டும் வைத்துத் தரையை நிரப்ப முடியாது. எண்கோணம் 135, இரண்டு சேர்ந்தால் 270, மிச்சமிருக்கிற 90இல் ஒரு சதுரம் கச்சிதமாக உட்காரும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி இதைச் செய்துகாட்டலாம், பைசா செலவில்லை. ஐங்கோணத்தையும் வெட்டி வைத்து, அது சேராமல் பல்லிளிப்பதையும் காட்டுங்கள். வைவாவில் நீங்களே பேசிக்கொண்டு போவீர்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது 'தாலீம்'. கானி சால்வையும் காஷ்மீர் கம்பளமும் நெய்கிறவர்கள் படத்தைப் பார்த்து நெய்வதில்லை. எந்த நிறம், எத்தனை இழை என்று வரிசை வரிசையாகக் குறியீட்டில் எழுதிய தாள் ஒன்று இருக்கும், அதற்குப் பெயர்தான் தாலீம். கம்பளத் தறியில் ஒருவர் அதை ராகமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே முடிச்சுப் போடுகிற வழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து 'இந்த நிறம் தொடர்ந்து இத்தனை' என்று சேமிக்கிற ஒரு முறை இருக்கிறதே, யோசனை கிட்டத்தட்ட அதேதான். கிராஃப் தாளில் சின்னதாக ஒரு பூ வரையுங்கள். உங்களுக்கென்று ஒரு தாலீம் எழுதுங்கள். படத்தைப் பார்க்காத ஒருவர் கையில் வெறும் கிராஃப் தாளைக் கொடுத்து, நீங்கள் படிக்கப் படிக்க அவரைக் கலர் அடிக்கச் சொல்லுங்கள். கண்காட்சியில் வருகிறவர்களையே உட்கார வைக்கலாம். எங்கே ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தாலும் அந்த வரியில் பூ கோணிக்கொள்ளும், அப்போது அந்த நெசவாளர் செய்கிற வேலை என்னவென்று கைக்கே தெரியும். அந்தப் பத்தாவது டீமிடம் இதைச் சொன்னபோது, "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று என்மேலேயே பாய்ந்தார்கள். சப்மிட் பண்ணிய பிறகு வந்து காட்டினால் நான் என்ன செய்வேன்.

உயிரியலுக்கு இதே கேள்வியைப் போடுங்கள். காஷ்மீரின் பாம்பூர் குங்குமப்பூவை வரைந்து கலர் அடிப்பதோடு விடாதீர்கள். அந்தச் செடி விதையே வைக்காது, கிழங்கை நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஏன் என்று தேடினால் குரோமோசோம் பாடத்தில் போய் நிற்பீர்கள்.

ஆக வரிசையை மாற்றுங்கள். 'எந்தக் கலை அழகாக இருக்கும்' என்று ஆரம்பிக்காமல், 'அந்தக் கலையைச் செய்கிறவர் எங்கே கணக்குப் போடுகிறார், எங்கே அறிவியலைப் பயன்படுத்துகிறார்' என்று தேடிவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.

கடையில் ஆர்டர் கொடுப்பது

மூன்று செக்‌ஷனில் ஒரே அச்சாக மூன்று ராக்கெட் வந்து நின்றால் மிஸ்ஸுக்குத் தெரியாதா?

மேப்

ஜம்மு காஷ்மீர் எடுத்தவர்கள் கூகுளில் முதலில் வருகிற மேப்பை அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டாதீர்கள். வெளிநாட்டுத் தளங்களின் மேப்பில் எல்லை புள்ளிக்கோடாக வரும், நம் பள்ளிகளில் அது செல்லாது, மொத்த சார்ட்டையும் திருப்பித் தந்துவிடுவார்கள். சர்வே ஆஃப் இந்தியா தளத்திலிருந்து எடுங்கள். ஸ்டேஷனரி கடை அவுட்லைன் மேப்பில் பழைய ஸ்டாக் வரும், தெலங்கானா தனியாக இருக்கிறதா, லடாக் தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லடாக் என்றதும் இன்னொன்று. 2019 அக்டோபர் 31 முதல் அது தனி யூனியன் பிரதேசம். பாங்காங் ஏரி, தீக்‌சே மடாலயம் எல்லாம் லடாக். படம் அழகாக இருக்கிறதே என்று ஜம்மு காஷ்மீர் சார்ட்டில் ஏற்றிவிடாதீர்கள். பஷ்மினாவில் மட்டும் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது, ரோமம் லடாக்கின் சாங்தாங் ஆடுகளிடமிருந்து வருகிறது, சால்வைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த நெசவு காஷ்மீரில் நடக்கிறது. இரண்டையும் எழுதிவிட்டால் போயிற்று. இதெல்லாம் ரொம்ப நுணுக்கம் என்று தோன்றினால், ஸ்ரீநகரில் ஒரு பிள்ளை தமிழ்நாடு புராஜெக்டில் கதகளி முகத்தைப் பெரிதாக வரைந்து வைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

டீ டிகாஷனில் நனைத்த ராஜராஜன் கடிதம்

வரலாற்றுப் பாடம் என்றாலே ஏ4 தாளை டீயில் முக்கி, ஓரத்தை மெழுகுவர்த்தியில் கருக்கி, உள்ளே 'நான் ராஜராஜ சோழன் எழுதுவது' என்று ஸ்கெட்ச் பென்னால் எழுதுவது ஒரு சடங்காகிவிட்டது. திரையையும் சேர்த்துக் கருக்கிய வீடு எனக்குத் தெரியும். சோழர்கள் எழுதியது ஓலையிலும் செப்பேட்டிலும் கல்லிலும், காகிதத்தில் இல்லை. அவர்கள் காலத்துக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எழுத்து வடிவமும் இன்று நாம் எழுதுவது போல் இருக்காது.

ஆனைமங்கலச் செப்பேடுகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், 21 ஏடுகள், எல்லாவற்றிலும் ஓட்டை போட்டு ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தில் அரச முத்திரை வைத்திருப்பார்கள். சோழ முத்திரையில் புலியோடு பாண்டியர்களின் இரட்டை மீனும் சேரர்களின் வில்லும் சேர்ந்தே இருக்கும். ஏன் மற்றவர்களுடைய சின்னத்தையும் போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் வரலாற்றுக் கேள்வி. அட்டையை நீள நீளமாக வெட்டிச் செம்பு நிறம் அடித்து ஒரு பழைய சாவி வளையத்தில் கோத்துவிடுங்கள். நெருப்பும் தேவையில்லை, டீயும் மிச்சம்.

முகத்தில் கறுப்பு மை

ஆப்பிரிக்கா ஒரு நாடு இல்லை, 54 நாடுகள். எந்த நாடு, எந்த மக்கள் என்று சொல்லத் தெரியாமல் இலைப் பாவாடை கட்டி மேடை ஏறாதீர்கள். முகத்தில் மை பூசுவது எதற்காகவும் வேண்டாம்.

'இரண்டிலும் ஒற்றுமை உள்ளது' என்று எழுதி நிறுத்துவது

ஆப்பிரிக்கா வேண்டுமென்றால் இதோ உருப்படியாக ஒன்று. அங்கோலாவின் கிழக்குப் பகுதியில் வாழும் சோக்வே மக்கள், கதை சொல்லும்போது மணலில் விரலால் புள்ளி வைத்து, விரலை எடுக்காமல் புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடாக வளைத்துப் படம் போடுவார்கள். அதற்கு 'சோனா' என்று பெயர். பார்த்தால் அப்படியே நம் சிக்குக் கோலம். இங்கே பெண்கள் வாசலில் மாவில் போடுகிறார்கள், அங்கே ஆண்கள் மணலில் போடுகிறார்கள். மொசாம்பிக்கில் பணியாற்றிய பாலுஸ் ஜெர்டெஸ் என்ற கணித அறிஞர் சோனாவின் கணக்கைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இங்கே சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே கோலம் போடுகிற விதிகளைக் கணினிக்குப் புரிகிற இலக்கணமாக எழுதினார்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 'இரண்டும் ஒன்றுபோல் உள்ளன' என்று முடித்துவிடுகிறார்கள். அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறதே! எண்ணிப் பாருங்கள். செவ்வகமாகப் புள்ளி வையுங்கள், 3 வரிசை, வரிசைக்கு 4. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு குறுக்காக வெட்டிக்கொள்ளட்டும், ஓரத்தில் மட்டும் திரும்பட்டும். ஒரே கோட்டில் முடிந்துவிடும். 4க்கு 6 வைத்தால் இரண்டு தனித்தனிக் கோடு வரும். 3க்கு 3 வைத்தால் மூன்று. இரண்டு எண்ணுக்கும் ஹெச்.சி.எஃப். (மீப்பெரு பொதுக் காரணி) எவ்வளவோ அத்தனை கோடு. ஆறாவது வகுப்புக் கணக்கு இது, அங்கோலா மணலுக்கும் பொருந்தும், உங்கள் பாட்டி வாசலுக்கும் பொருந்தும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கலர் கொடுத்துப் போட்டுக்காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

மழைக்காலத்தில் காகிதக்கூழ்

காஷ்மீர் பேப்பர் மாஷே செய்கிறவர்கள் அதை இரண்டு தனி வேலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், கூழிலிருந்து உருவம் செய்வது 'சக்த்சாஜி', அதன்மேல் வரைவது 'நக்காஷி'. ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகுதான் மற்றது. நம் பிள்ளைகள் நவம்பர் மழையில் மைதா பசை காய்ச்சி ஒரே ராத்திரியில் இரண்டையும் முடிக்கப் பார்த்து, ஈரத்தின் மேல் பெயிண்ட் அடித்து, மூன்றாவது நாள் பூஞ்சையோடு எடுத்துக்கொண்டு போகிறார்கள். மெல்லிய அடுக்காக ஒட்டுங்கள், ஒவ்வொரு அடுக்கும் காயட்டும். மைதாவுக்குப் பதில் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்துகொண்டால் எறும்பும் கரப்பானும் வராது. பைண்டிங் கடைக்காரர் பசையில் மயில்துத்தம் போடுவதைப் பார்த்துவிட்டு நீங்களும் போடாதீர்கள், அது விஷம்.

ஸ்கூல் வேன் கதவு

மாடல் செய்வதற்கு முன்னாலேயே அளந்துகொள்ளுங்கள். போன டிசம்பரில் ஒரு தஞ்சாவூர்க் கோபுரம் உள்ளே நுழையாமல், சாமான் ஆட்டோ பிடித்துத் தனியாக ஸ்கூலுக்குப் போனது.